ஜகல்ச்சியில் மீனும் சோஜுவும்: புசானுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென் கொரியாவின் புசானுக்கு வரும் நம்மவர்களில் பலர் ஜகல்ச்சி மீன்சந்தையை ஒரு சுற்று சுற்றி, தொட்டிகளைப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமலே திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், "பாஷை தெரியல, எவ்வளவு கேப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு முன் நீந்திக்கொண்டிருந்த மீனைச் சமைக்காமல் பச்சையாகவே இலையில் மடித்து வாயில் போட்டுக்கொண்டு, எதிரே துறைமுகத்தில் படகுகள் அசைவதைப் பார்த்தபடி இரண்டு கிளாஸ் சோஜு என்ற கொரிய மது குடிப்பது இந்த ஊரின் மிகப் பெரிய சுகங்களில் ஒன்று. அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. முதன்முறை போனபோது நான் விலை கேட்கவில்லை. தொட்டியைக் காட்டினேன், தலையாட்டினேன், மீன் வெட்டப்பட்டது. அதன்பிறகு சொன்ன தொகை அந்த வாரச் சாப்பாட்டுக்கு நான் எடுத்துவைத்திருந்த மொத்தப் பணம். வெட்டிய மீனை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்? கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் கூட வந்தார். ஒவ்வொரு இடத்திலும் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: பேச வேண்டியதையெல்லாம் கத்தி எடுப்பதற்கு முன் பேசிவிட வேண்டும். இனி வருவதில் பெரும்பகுதி அதன் விரிவு.

போய்ச் சேர

புசான் மெட்ரோ 1ஆம் தடத்தில் ஜகல்ச்சி என்றே ஒரு நிலையம் இருக்கிறது. 10ஆம் வாசலில் ஏறி வந்தால், மூக்கே மீதி வழியைச் சொல்லும். சியோலிலிருந்து ரயிலில் வருபவர்களுக்குப் புசான் ரயில் நிலையத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம். கிம்ஹே விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் இலகு ரயிலில் சசாங் வந்து, 2ஆம் தடத்தில் சொம்யொன் போய், அங்கே 1ஆம் தடத்துக்கு மாற வேண்டும்.

நேரம் என்றால் மாலை நாலு மணி சுமாருக்குப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மீனைப் பார்த்து வாங்கி, சாப்பிட உட்காரும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். பெரிய கட்டடத்துக்கு மாதத்தில் சில செவ்வாய்க்கிழமைகள் விடுமுறை. அதனால் செவ்வாயைத் தவிர்த்துவிட்டால் கவலை இல்லை. காலில் பழைய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். தரை எப்போதும் ஈரம்.

அங்கே இருப்பவர்கள் யார்

ஜகல் என்றால் கூழாங்கல். ஒரு காலத்தில் இது கூழாங்கல் கரை. கடைசியில் உள்ள 'ச்சி', கொரிய மீன் பெயர்கள் பலவற்றின் வால் என்று சொல்வார்கள்: வாளை மீன் கல்ச்சி, நெத்திலி ம்யொல்ச்சி. 1950இல் போர் வந்தபோது நாட்டின் நாலா பக்கமிருந்தும் அகதிகள் புசானில் வந்து குவிந்தார்கள். 1953 வரை இதுதான் தற்காலிகத் தலைநகர். கணவனைப் போரில் இழந்த பெண்களும், கணவன் எங்கே என்றே தெரியாத பெண்களும் ஒரு அலுமினியத் தட்டில் நாலு மீனை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் உட்கார்ந்தார்கள். பிரிந்தவர்கள் "யொங்டோ பாலத்தில் பார்ப்போம்" என்று சொல்லிவைத்த அந்தப் பாலம், சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது; 1934இல் கட்டியது, பின்னர் பிரித்து மறுபடி கட்டி 2013இல் திறந்தார்கள். இன்றும் சந்தையில் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை 'ஜகல்ச்சி அஜிமே' என்பார்கள். அஜிமே என்பது புசான் வழக்கு. வேறு ஊர்களில் அஜும்மா.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் முன் நிற்கும் அம்மாள் காலை இருட்டிலிருந்து குளிர்ந்த நீரில் கை வைத்து வேலை செய்பவர். குரல் உரத்து வரும், பேச்சு வெட்டென்று இருக்கும். அது கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். புசான் பேச்சே அப்படித்தான். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். மீனைத் தொட்டு அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காமல் போகாதீர்கள். கூப்பிடுவதற்கு 'இமோ' என்ற சொல் போதும். அம்மாவின் சகோதரி என்று பொருள். நாம் கடையில் 'அக்கா' என்பதுபோல முன்பின் தெரியாதவரையும் கூப்பிடலாம். அம்மாவை 'ஒம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் கூப்பிடும் ஊரில் 'இமோ' என்ற ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சந்தையின் பழைய கூவல் ஒன்று உண்டு: "ஓயிசோ, போயிசோ, சாயிசோ." வாங்க, பாருங்க, வாங்கிக்கிட்டுப் போங்க.

எங்கே வாங்குவது

கடற்பறவை சிறகு விரித்ததுபோல் கூரையுள்ள பெரிய கட்டடம் 2006இல் திறந்தது. கீழ்த்தளம் முழுக்க உயிர்மீன் தொட்டிகள். மேல்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள். கீழே வாங்கி மேலே சாப்பிடுவது முறை. புதியவர்களுக்கு இதுவே நல்லது. கூரைக்குக் கீழ் எல்லாக் கடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் விலையை ஒப்பிட முடிகிறது.

கட்டடத்துக்கு வெளியே தெருவோரக் கடைகள். குடைக்குக் கீழே ஐஸில் அடுக்கிய மீன், கருவாடு, சிப்பி, சங்கு. சமைக்கத் தெரிந்தவர்கள் இங்கே வாங்கலாம். தெருவோரம் இருப்பவர்களைக் கட்டடத்துக்குள் கொண்டுபோகும் முயற்சி நடந்து வருவதால், நீங்கள் போகும்போது சிலர் இடம் மாறியிருக்கலாம்.

மூன்றாவது, கொம்ஜாங்ஓ சுடும் சந்து. பச்சை மீன் வேண்டாம் என்கிறவர்கள் நேரே இங்கே போய்விடலாம். கொம்ஜாங்ஓ என்பது விலாங்குபோல நீண்டு, தாடையே இல்லாத ஒரு கடல்வாழ் உயிர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இதன் தோலைத் தோல்பொருள் செய்ய எடுத்துக்கொண்டு சதையைத் தள்ளிவிட, இல்லாதவர்கள் அதைச் சுட்டுத் தின்ன ஆரம்பித்தார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. வெங்காயமும் மிளகாய் விழுதும் சேர்த்து உங்கள் மேசையிலேயே வதக்கித் தருவார்கள். கடைசியில் அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டச் சொல்லுங்கள். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும்.

விலையும் எடையும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் எதையும் வாங்காமல் ஒரு முழுச் சுற்று நடந்துவாருங்கள். கூப்பிடுவார்கள், சிரித்துத் தலையை லேசாகக் குனிந்துவிட்டு நடங்கள். ஒரே மீனுக்கு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். கேட்க வேண்டியது: "இல் கில்லோ ஒல்மாயேயோ?" ஒரு கிலோ எவ்வளவு? பதில் புரியவில்லை என்றால் கைப்பேசியில் கணக்கிடும் திரையை நீட்டினால் தட்டிக் காட்டுவார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

விலைப் பலகையில் எண்ணுக்குப் பதில் 'ஷிகா' என்று இருந்தால் அன்றைய சந்தை விலை என்று பொருள். அங்கே கேட்காமல் உட்காரவே கூடாது.

விலை கேட்ட பிறகு எடை. மீனை வலையில் அள்ளி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தராசில் வைப்பார்கள். கூடைக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பாருங்கள். வெறுங்கூடையை வைத்து முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. அதைச் சண்டைபோலக் கேட்க வேண்டாம். தராசுக்கு முன் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

எடை தெரிந்ததும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். "டா ஹேசொ ஒல்மாயேயோ?" எல்லாம் சேர்த்து எவ்வளவு? வெட்டுக்கூலி சேர்த்தா, மேலே போய்ச் சாப்பிடக் காசு தனியா என்பதும் இப்போதே தெரிந்தாக வேண்டும். தொகை சரி என்று நீங்கள் சொன்ன பிறகே மீன் பலகைக்குப் போக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் இந்த இடம்வரை வந்தும் "கம்சாஹம்னிடா" என்று நன்றி சொல்லிவிட்டு நகரலாம். பலகைக்குப் போன மீன் உங்களுடையது.

பேரம் பேசலாமா? "கக்கா ஜுசேயோ" என்றால் குறைத்துக்கொடுங்கள் என்று பொருள். ஒரு முறை சொல்லலாம். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட 'சொபிசு' கேட்பது நல்ல பலன் தரும். சேர்த்துக் கொடுக்கும் கொசுறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மொங்கே என்ற கடலுயிர் இரண்டோ, கைப்பிடிச் சிப்பியோ கூடையில் வந்து விழும். அதைக் கொடுப்பதில் அவர்களுக்கும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

எவ்வளவு வாங்குவது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். முழு மீனின் எடையில் தலை, எலும்பு, குடல், தோல் எல்லாம் போய்த் தட்டுக்கு வருவது பாதி, சில மீனில் அதற்கும் குறைவு. தலை பெரிதான மீன்களில் கழிவு அதிகம். ஒரு கிலோவை ஒட்டிய சப்பை மீன் ஒன்று இரண்டு பேருக்குச் சரி. கூட இரண்டு கைப்பிடி சிப்பி வகை வாங்கிக்கொண்டால் நிறைவாக இருக்கும். ஆசைப்பட்டு நாலு வகை மீன் வாங்கினால் பாதி மிஞ்சும், பச்சை மீனை எடுத்துவைத்து மறுநாள் சாப்பிட முடியாது.

எந்த மீன்

முதன்முறை பச்சை மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குவாங்ஓ. நம் எருமைநாக்கு மீனின் சாயலில் இருக்கும் சப்பை மீன். வாடையே இருக்காது, லேசான இனிப்பு. அடுத்தது உரொக், பாறை மீன். சதை இன்னும் கெட்டி, எலும்பில் வைக்கும் குழம்பு அபாரம்.

காலம் பார்த்தும் வாங்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஜொனோ என்ற சின்ன முள் மீன் கொழுப்பேறி வரும். ஜொனோ சுடும் வாசனைக்கு, வீட்டைவிட்டுப் போன மருமகளும் திரும்பி வந்துவிடுவாள் என்று கொரியர்கள் பழமொழி சொல்வார்கள். மாமியார் வீட்டுக் கதைகள் தெரிந்த நமக்கு அந்த மீனின் ருசியை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் பாங்ஓ, பெரிய மீன், வயிற்றுப்பகுதி வெண்ணெய்போல இருக்கும். கானாங்கெளுத்தி இனத்துக் கொடுங்ஓ புசானின் சொந்த மீன் என்றே சொல்லலாம். அதைச் சுட்டுச் சாப்பிடுங்கள்.

இனி தொட்டியில் நெளியும் மற்றவை. மொங்கே செம்மஞ்சள் நிறத்தில் முள்முளைத்த சின்ன அன்னாசிபோல இருக்கும். வெட்டினால் கடலே வாய்க்குள் வந்ததுபோல ஒரு கசப்பும் இனிப்பும். சிலருக்கு முதல் வாயிலேயே பிடிக்கும், சிலருக்கு எப்போதும் பிடிக்காது. ஹேசம் என்பது கடல் அட்டை. நம் மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உயிர். இந்தியாவில் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது; அதைச் சாப்பிடும் வழக்கமும் நம்மிடம் இல்லை. இங்கே பச்சையாக நறுக்கித் தருவார்கள். பச்சை மாங்காய்க் கீற்றைக் கடிப்பதுபோல நறுக்கென்று இருக்கும்.

சன்னக்ஜி பற்றி ஒரு எச்சரிக்கை. அப்போதுதான் வெட்டிய சின்னப் பேய்க்கணவாயின் கைகள், தட்டில் இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். நல்லெண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிடுவார்கள். அதன் உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சிறு துண்டாக எடுத்து, எண்ணெயில் நன்றாகப் புரட்டி, அசைவு நிற்கும்வரை மென்றபிறகே விழுங்குங்கள். குடித்த பிறகு சாப்பிடவே வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

வெட்டுவதைப் பாருங்கள்

பணம் கொடுத்ததும் திரும்பிப் போய்விடாதீர்கள். சிவப்பு ரப்பர் உறை போட்ட கை குவாங்ஓவைப் பலகையில் வைத்து அழுத்தும். கத்தியின் முதுகால் தலையில் ஓர் அடி. செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, இரத்தம் வடிய நீரில் ஒரு முங்கல். பிறகு நடு எலும்பை ஒட்டிக் கத்தி நுழைந்து வாலை நோக்கிப் போகும். முள்ளின்மேல் கத்தி உரசும் சத்தம், மரச்சீப்பை நகத்தால் கீறுவதுபோலக் கேட்கும். நான்கு சதைத் துண்டுகள் பிரிந்து வரும். தோலை உரித்து, வெள்ளைத் துணியில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுப்பார் அந்த அம்மாள். அந்த ஒற்றுதலில்தான் ருசி இருக்கிறது. நீர் நின்ற சதை சப்பென்றிருக்கும். கடைசியில் சாய்வாக மெல்லிசாகச் சீவி அடுக்குவார். ஜப்பானில் மீனைச் சில மணி நேரம், சில நாள்கூட வைத்திருந்து சாப்பிடுகிற வழக்கம் உண்டு. கொரியர்களுக்கு உடனே வெட்டியதாக இருக்க வேண்டும். பல்லில் சற்று எதிர்த்து நிற்கும் அந்த இறுக்கம் வேண்டும். இதற்கு ஹ்வே என்று பெயர்.

தலையையும் எலும்பையும் தனிப் பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். குழம்புக்கு வேண்டும்.

மேலே போய் உட்கார்ந்ததும்

மேல்தளத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு மேசைக்காசு உண்டு, சாங்சரிம்பி என்பார்கள். சில ஆயிரம் வொன் இருக்கும். இலை, பூண்டு, பச்சை மிளகாய், தொட்டுக்கொள்ளும் விழுதுகள், நாலைந்து சின்னக் கூட்டுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். எலும்புக் குழம்பான மெவுன்தாங், சோறு, சோஜு ஆகியவை தனிக் கணக்கு. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இந்த நாட்டில் இல்லை.

சாப்பிடும் முறை இது. ஒரு லெட்டூஸ் இலையை உள்ளங்கையில் விரியுங்கள். அதன்மேல் கேன்னிப் இலை ஒன்று. நம் துளசியையும் ஓமவல்லியையும் ஒருசேர நினைவூட்டும் வாசனை அதற்கு. இரண்டு துண்டு மீனைச் சோஜாங்கில் தோய்த்து வையுங்கள். சோஜாங் என்பது மிளகாய் விழுதும் வினிகரும் சேர்ந்த புளிப்புக்காரம். ஒரு பூண்டுச் சீவல், ஒரு மிளகாய்த் துண்டு. மடித்து ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்து மீதியைக் கையில் வைத்துக்கொள்வது கூடாது. வெற்றிலையை யாராவது பாதி கடித்து வைப்பார்களா? அதுபோலத்தான். முதல் இரண்டு துண்டுகளை மட்டும் இலை இல்லாமல் வெறுமனே சாப்பிட்டுப் பாருங்கள். மீனின் ருசி அப்போதுதான் தெரியும்.

மீன் தீரும் நேரத்தில் மெவுன்தாங் கொதித்துக்கொண்டு வரும். முள்ளங்கி, மிளகாய்த்தூள், எலும்பில் ஒட்டிய சதை. சோற்றில் விட்டுக்கொண்டால் நம் ஊர் மீன்குழம்பிலிருந்து புளியை எடுத்துவிட்டதுபோல இருக்கும். குளிர்காலத்தில் வீட்டு நினைவில் வாடியிருந்த சிலரை நான் இந்தக் குழம்புக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

சோஜு

பச்சைப் புட்டியில் 360 மி.லி. இருக்கும், ஏழு சின்னக் கிளாஸ் வரும். சாராயச் சத்து 16 விழுக்காட்டை ஒட்டி. நம் கணக்கில் சொன்னால், ஒரு புட்டி சோஜு குடிப்பது ஒரு குவார்ட்டர் விஸ்கியில் முக்கால் பங்கைக் குடிப்பதற்குச் சமம். மெல்லிய இனிப்போடு தண்ணீர்போல இறங்குவதால் இது தெரியாது, எழுந்திருக்கும்போதுதான் தெரியும். பீரில் கலந்து குடிக்கும் சோமெக் இன்னும் வேகம். ஒரு கிளாஸ் சோஜுவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புசான்காரர்கள் 'தேசொன்' கேட்பார்கள். இந்த ஊர்ச் சரக்கு.

மரியாதைகள் சில உண்டு. தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், நீங்கள் அவருக்கு ஊற்றுவீர்கள். மூத்தவருக்கு ஊற்றும்போதும், அவர் ஊற்றுவதை வாங்கும்போதும் இரண்டு கை. அவர் முன் குடிக்கும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். கிளாஸ் காலியான பிறகே மறுபடி ஊற்றுவது. ஆகவே போதும் என்றால் கடைசி மிடற்றைக் குடிக்காமல் விட்டுவையுங்கள்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதே இல்லை. "சுல் மொன் மஷ்யொயோ" என்றால், எனக்குக் குடிக்க முடியாது என்று பொருள். 'சைடா' கேளுங்கள், எலுமிச்சைச் சோடா வரும். அதையும் இரண்டு கையால் வாங்கி மற்றவர்களோடு கிளாஸை இடித்துக்கொள்ளலாம்.

வயது: 19 நிறையும் ஆண்டின் ஜனவரி 1இலிருந்து மது வாங்கலாம். கேட்டால் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

வெளியே, துறைமுகத்தின் ஓரத்தில்

கட்டடத்துக்குப் பின்பக்கம் போனால் கடலை ஒட்டிய திறந்தவெளி. எதிரே யொங்டோ தீவு, நடுவே மீன்பிடிப் படகுகள், தலைக்குமேல் கடற்பறவைகள். மீன் வெட்டும்போதே "போஜாங் ஹே ஜுசேயோ" என்று சொன்னால் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சோஜாங், இலை, குச்சிகளையும் கேட்டு வாங்குங்கள். வெயில் காலமென்றால் ஐஸ் வைக்கச் சொல்லுங்கள். சோஜு பக்கத்துக் கடையில் சாப்பாட்டுக் கடை விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். வாங்கிய அரை மணிக்குள் சாப்பிட ஆரம்பித்துவிட வேண்டும்; பச்சை மீன் காத்திருக்காது.

நம் ஊரில் பொது இடத்தில் புட்டியைத் திறந்தால் போலீஸ் வரும். கொரியாவில் நாடு முழுவதற்குமான அப்படிப்பட்ட தடை இல்லை. ஆனால் 2021இலிருந்து உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் 'கும்ஜு குயொக்', அதாவது மதுத்தடை இடம் என்று அறிவிக்கலாம். கிளாஸின்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை கண்ணில் பட்டால் அங்கே திறக்காதீர்கள்.

இதற்கு ஒரு கதை உண்டு, அதுவும் இதே புசானில். குவாங்கான் பாலத்துக்கு எதிரே மில்லாக் கடலோரப் பூங்கா. பக்கத்து மீன்கடைகளில் ஹ்வே கட்டி வாங்கி, படிக்கட்டில் பாய் விரித்து, பாலத்து விளக்கைப் பார்த்தபடி குடிப்பது பல ஆண்டுகளாக இந்த ஊர் இளைஞர்களின் கோடை இரவாக இருந்தது. காலையில் அங்கே கிடந்த குப்பையும் புட்டியும் வாந்தியும் அக்கம்பக்கத்தாரைக் கொதிக்கவைத்தன. 2023 ஜூலை 1 முதல் அங்கே குடிக்கத் தடை. மீறினால் 50,000 வொன் அபராதம். கூட்டம் போனதும் மீன்கடைகளின் வியாபாரமும் அடிபட்டது. எனக்கு அந்தப் படிக்கட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும். குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது இன்னும் நமக்கெல்லாம் இருந்திருக்கும்.

ஆகவே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, ஈரத்துணி, கீழே விரிக்க ஒரு விரிப்பு எடுத்துக்கொண்டு போங்கள். முள்ளும் எலும்பும் ஒரு பையில், பிளாஸ்டிக் இன்னொன்றில், கண்ணாடி தனியே. தெருவில் குப்பைத்தொட்டி அரிது. தங்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கும். மீன் துண்டைப் பறவைகளுக்கு வீசாதீர்கள். ஒன்றுக்கு வீசினால் முப்பது வரும், பக்கத்தில் இருப்பவர் தட்டிலும் இறங்கும். கரையின் விளிம்பில், தடுப்பு இல்லாத இடத்தில், குடித்துவிட்டு உட்காரவே உட்காராதீர்கள்.

உடம்பு

கல்லீரல் கோளாறு, சர்க்கரை நோய், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு உள்ளவர்கள் கோடையில் பச்சை மீனும் பச்சைச் சிப்பியும் சாப்பிட வேண்டாம். கடல்நீர் சூடாகும் மாதங்களில் விப்ரியோ என்ற கிருமி பெருகும்; ஈரல் கெட்டவர்களுக்கு அது உயிரையே எடுத்துவிடும். கையில் காலில் புண் இருந்தால் தொட்டி நீரில் கைவிடாதீர்கள். பச்சைச் சிப்பியில் குளிர்காலத்தில் நோரோ வைரஸ் வருவதுண்டு. கர்ப்பிணிகளுக்குச் சுட்ட மீனும் குழம்புமே நல்லது. இதில் எதற்கும் குறைவில்லாத சந்தை இது.

திரும்பும்போது

மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். பதினொன்றுக்கே எழுந்துவிடுங்கள். வண்டி கொண்டுவந்திருந்தால் ஒரு கிளாஸ் குடித்திருந்தாலும் தொடாதீர்கள். 2019 ஜூனிலிருந்து இரத்தத்தில் 0.03 விழுக்காடு இருந்தாலே குற்றம். அந்தச் சட்டம் கடுமையானதே 2018இல் புசானில் குடித்து ஓட்டியவரால் ஓர் இளைஞர் உயிரிழந்த பிறகுதான். 'தேரி' என்று கூப்பிட்டால் ஓர் ஓட்டுநர் வந்து உங்கள் வண்டியையே வீட்டுக்கு ஓட்டி வருவார். ஆங்கிலத்தில் உதவி வேண்டுமானால் 1330. ஆம்புலன்ஸ் 119.

மறுநாள் காலை தலை கனத்தால் மாத்திரை தேட வேண்டாம். புசானில் அதற்குப் போக்குக்கு என்று ஒரு தெளிந்த சாறு உண்டு; உரிமம் பெற்ற சமையல்காரர் மட்டுமே தொடும் பேத்தை மீனில், முளைப்பயறும் தண்ணீர்க்கீரையும் போட்டுக் கொதிக்கவைப்பது. மேசையில் வினிகர்ப் புட்டி இருக்கும். ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, சூட்டோடு முதல் வாய் குடியுங்கள். நெற்றியில் வேர்வை அரும்பும்போது, பக்கத்து மேசையில் நேற்றிரவு சோஜு குடித்த தாத்தா ஒருவரும் அதே வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.